டர்போ டீசல் எஞ்சின்: எண்களை வாசிப்பதும் கோளாறின் வேரைப் பிடிப்பதும்

கார் ஏற்றத்தில் இழுக்கவில்லை, பின்னால் கரும்புகை அடிக்கிறது, டாஷ்போர்டில் எஞ்சின் விளக்கு எரிகிறது. கராஜுக்குப் போனால் முதலில் காதில் விழுவது பெரும்பாலும் "டர்போ போயிற்று" என்பதுதான். சில வேளை அது சரியாகவும் இருக்கும். ஆனால் டர்போ தானாகக் கெடுவது அரிது. ஒயிலிலோ காற்றுப் பாதையிலோ டீசலிலோ ஒரு குறை முன்பே இருந்திருக்கும். அதன் விளைவு கடைசியில் டர்போவில் வந்து விடியும். வேரை விட்டுவிட்டு டர்போவை மட்டும் மாற்றினால், புதியதும் அதே வழியில் போகும்.

இலங்கையில் இது சின்ன விஷயம் அல்ல. 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட தனியார் வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் திறந்தது. அதனால் கொழும்பில் ஓடும் டீசல் கார்களிலும் ஜீப்புகளிலும் வான்களிலும் பத்து, பதினைந்து வயதைத் தாண்டியவை ஏராளம். அவற்றை இன்னும் பல ஆண்டுகள் ஓட்ட வேண்டியவர்களுக்கு, எஞ்சின் எப்படி வேலை செய்கிறது என்ற அடிப்படை தெரிந்திருப்பது பெரிய பணத்தை மிச்சப்படுத்தும்.

உள்ளே நடப்பது என்ன

பெற்றோல் எஞ்சினில் காற்றும் எரிபொருளும் கலந்த கலவையை ஸ்பார்க் பிளக் பற்றவைக்கிறது. டீசல் எஞ்சினில் ஸ்பார்க் பிளக் இல்லை. சிலிண்டருக்குள் காற்று மட்டும் போகிறது. பிஸ்டன் அதை 15 முதல் 18 மடங்கு வரை நெருக்குகிறது; நெருக்கிய காற்று 500 பாகை செல்சியஸுக்கு மேல் சூடேறுகிறது. டீசல் 210 முதல் 250 பாகையிலேயே தானாகத் தீப்பற்றக்கூடியது. அந்தக் கொதிக்கும் காற்றுக்குள் இன்ஜெக்டர் மிக மெல்லிய தூறலாக டீசலைப் பீச்சும்போது, அது உடனே எரிந்து பிஸ்டனைக் கீழே தள்ளுகிறது.

கூடுதலாக டீசல் எரிய வேண்டுமானால் கூடுதலாகக் காற்று வேண்டும். ஒரு கிராம் டீசல் முழுதாக எரியக் குறைந்தது 14.5 கிராம் காற்று தேவை. எஞ்சின் தானாக உறிஞ்சும் காற்றுக்கு ஓர் எல்லை உண்டு. அந்த எல்லையை உடைப்பதற்குத்தான் டர்போ. சைலன்சரை நோக்கிப் போகும் சூடான புகை ஒரு பக்கச் சக்கரத்தைச் சுழற்றுகிறது. அதே தண்டின் மறுமுனையில் இருக்கும் சக்கரம் வெளிக்காற்றை அமுக்கி எஞ்சினுக்குள் தள்ளுகிறது. வீணாகப் போகும் புகையின் சக்தியைப் பயன்படுத்தும் இந்த யோசனைக்கு சுவிற்சர்லாந்துப் பொறியியலாளர் அல்பிரட் பூஷி 1905 இல் காப்புரிமை பெற்றார். விற்பனைக்கு வந்த முதல் டர்போ டீசல் கார் 1978 இன் மெர்சிடிஸ் 300 எஸ்டி.

அமுக்கிய காற்று சூடாகும். சூடான காற்று விரிந்து இடத்தைப் பிடிக்கும். டர்போவை விட்டு 120 பாகைக்கு மேல் வெளியேறும் காற்றை இன்டர்கூலர் குளிரவைத்து அடர்த்தியாக்கி உள்ளே அனுப்புகிறது. காலி வீதி நெரிசலில் நகராமல் நிற்கும்போது இன்டர்கூலருக்குக் காற்றோட்டம் கிடைப்பதில்லை. நெரிசல் விட்டதும் கார் சில நிமிடங்களுக்கு மந்தமாகத் தோன்ற இதுவும் ஒரு காரணம். அதைக் கோளாறு என்று நினைக்க வேண்டியதில்லை.

எண்களை எப்படி வாசிப்பது

நம் வீதிகளில் பிராடோவிலும் கேடிஎச் வான்களிலும் அதிகம் காணப்படும் டொயோட்டா 1கேடி-எஃப்டிவி எஞ்சினை எடுத்துக்கொள்வோம். விபரத்தாளில் இப்படி இருக்கும்: 4 சிலிண்டர், 16 வால்வு, 2982 சிசி, போர் 96 மில்லிமீற்றர், ஸ்ட்ரோக் 103 மில்லிமீற்றர், அமுக்க விகிதம் 17.9:1. 120 வரிசை பிராடோவில் 127 கிலோவற் (நிமிடத்துக்கு 3400 சுற்றில்), 410 நியூட்டன் மீற்றர் (1600 முதல் 2800 சுற்று வரை).

போர் என்பது சிலிண்டரின் விட்டம், ஸ்ட்ரோக் என்பது பிஸ்டன் மேலும் கீழும் போய்வரும் தூரம். 9.6 சென்ரிமீற்றர் விட்டமுள்ள வட்டத்தின் பரப்பை 10.3 ஆல் பெருக்கினால் 745 வரும். நான்கு சிலிண்டருக்கு 2982. சிசி என்பது இவ்வளவுதான். அமுக்க விகிதம் 17.9 என்றால், பிஸ்டன் கீழே இருக்கையில் உள்ள ஏறத்தாழ 790 கன சென்ரிமீற்றர் இடம், பிஸ்டன் மேலே வந்ததும் 44 ஆகச் சுருங்கிவிடும். இந்த 44 ஐ நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். மழை வெள்ளத்தைப் பற்றிப் பேசும்போது தேவைப்படும்.

வாங்குபவர்கள் பார்ப்பது பவர் எண்ணை. ஓட்டும்போது நீங்கள் உணர்வது டோர்க்கை, அதாவது நியூட்டன் மீற்றரில் சொல்லும் சுழற்றும் விசையை. 410 நியூட்டன் மீற்றர் 1600 சுற்றிலேயே கிடைத்துவிடுகிறது என்பதுதான் இந்தத் தாளில் மிகப் பெறுமதியான வரி. ஏழு பேரை ஏற்றிக்கொண்டு கடுகண்ணாவை ஏற்றத்தில் கியரைக் குறைக்காமல் போக முடிவது அதனால்தான். இரண்டு எண்ணுக்கும் தொடர்பு உண்டு: டோர்க்கைச் சுற்றால் பெருக்கி 9549 ஆல் வகுத்தால் கிலோவற் வரும். 410 ஐ 2800 ஆல் பெருக்கி வகுத்துப் பாருங்கள், 120. உச்சமான 127 கிலோவற்றுக்கு மிக அருகில் 2800 இலேயே வந்துவிட்டது. அதற்கு மேல் எஞ்சினை அலறவிடுவதில் பெரிய பலன் இல்லை.

சிறிய எஞ்சினிலும் இதே கதைதான். சுசுகி ஸ்விஃப்டில் வந்த 1248 சிசி டீசல் எஞ்சின் 2000 சுற்றில் 190 நியூட்டன் மீற்றர் தரும். அதே காரின் 1.2 பெற்றோல் எஞ்சின் 4000 சுற்றில் ஏறத்தாழ 115 தான் தரும்.

விபரத்தாளில் சிலர் கவனிக்காமல் விடும் இன்னொரு எண், டீசல் பீச்சும் அழுத்தம். 1997 இல் அல்ஃபா ரோமியோ 156 உம் மெர்சிடிஸ் சி 220 சிடிஐ உம் கொமன் ரெயில் முறையைக் கார்களுக்குக் கொண்டுவந்தன. அதில் ஓர் உயரழுத்த பம்ப் டீசலை ஒரு தடித்த குழாய்க்குள் சேமித்து வைக்கும். எஞ்சின் கொம்பியூட்டர் சொல்லும் நொடியில் இன்ஜெக்டர் திறக்கும். எஞ்சின் சும்மா ஓடும்போதே 250 முதல் 400 பார், முழுச் சுமையில் 1600 பார் அல்லது அதற்கும் மேல். கார் டயரில் இருப்பது 2 பார் சொச்சம். ஆகவே ஓர் எச்சரிக்கை: பழைய பம்ப் எஞ்சின்களில் எந்தச் சிலிண்டர் வேலை செய்யவில்லை என்று பார்க்க, ஓடும்போதே இன்ஜெக்டர் குழாயின் நட்டைத் தளர்த்துவார்கள். கொமன் ரெயில் எஞ்சினில் அதைச் செய்யவே கூடாது. அந்த அழுத்தத்தில் வரும் டீசல் தோலைத் துளைத்து உடலுக்குள் போகும். காயம் ஊசிமுனை அளவில் தெரியும். உள்ளே சதை அழுகத் தொடங்கும். அப்படி நடந்தால் வலி இல்லாவிட்டாலும் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

டர்போவின் ஆயுள் ஒயிலில்

டர்போவின் தண்டு நிமிடத்துக்கு 100,000 முதல் 200,000 சுற்று வரை சுழல்கிறது. ஒரு பக்கத்தில் 700 பாகைக்கு மேற்பட்ட புகை, மறுபக்கத்தில் வெளிக்காற்று. பெரும்பாலான டர்போக்களில் தண்டைத் தாங்குவது குண்டு பேரிங் அல்ல. பித்தளை நிறப் புஷ்ஷுக்கும் தண்டுக்கும் நடுவே ஓடும் மெல்லிய ஒயில் படலம். அந்தப் படலம் சில நொடிகள் அறுந்தாலே உலோகத்தில் உலோகம் உரசும். டர்போ சாவதற்கான காரணங்களில் முதல் இடம் ஒயிலுக்கு என்று சொல்வது இதனால்.

கொழும்பு ஓட்டம் ஒயிலுக்குக் கொடியது. வெள்ளவத்தையிலிருந்து புறக்கோட்டைக்கு ஒரு மணி நேரம் ஊர்ந்து போனால் மீற்றரில் ஏறுவது பத்துக் கிலோமீற்றருக்கும் குறைவு; எஞ்சின் ஓடியதோ முழு ஒரு மணி நேரம். கையேட்டில் 10,000 கிலோமீற்றர் என்று போட்டிருந்தாலும், நகருக்குள்ளேயே ஓடும் டர்போ டீசலுக்கு 5,000 இல் ஒயிலும் ஃபில்டரும் மாற்றுவதே சரி. கடையில் கேட்கும்போது 15டபிள்யூ-40 என்ற தடிப்பு எண்ணை மட்டும் சொல்லாதீர்கள். தகுதி எண்ணையும் பாருங்கள்: டீசலுக்கானது ஏபிஐ சிஐ-4 அல்லது அதற்கு மேல். டிபிஎஃப் (புகையிலுள்ள கரியைப் பிடிக்கும் ஃபில்டர்) பொருத்திய கார் என்றால் சாம்பல் குறைந்த வகை வேண்டும். ஏசிஇஏ (ACEA) சி3 போன்றது. 1கேடிக்கு ஏறத்தாழ 7 லீற்றர் போகும். 4 லீற்றர் கலன் ஒன்றும் பாதியும் ஊற்றிவிட்டு "போதும்" என்றால் விடாதீர்கள்; குச்சியில் அளவைப் பார்த்த பிறகே காரை எடுங்கள்.

ஒயில் மாற்றினாலும் டர்போ பட்டினி கிடக்கக்கூடிய ஒரு வழி 1கேடியில் பிரசித்தம். ஒவ்வொரு இன்ஜெக்டரின் அடியிலும் ஒரு சிறிய வாஷர் இருக்கும். எரியும் புகை மேலே வராமல் அடைப்பது அதன் வேலை. அது தளர்ந்தால் புகை வால்வு கவருக்குள் கசிந்து, கரி ஒயிலோடு கலந்து தாராகக் கெட்டியாகும். அந்தத் தார் கீழே இறங்கி, ஒயில் பம்ப் உறிஞ்சும் இடத்திலுள்ள வலையை அடைக்கும். ஒயில் அழுத்தம் விழும். முதலில் டர்போ, பிறகு எஞ்சின் பேரிங். கடைசியில் "டர்போ போயிற்று" என்று கண்டுபிடிப்பார்கள். ஒரு சிறிய வாஷர்தான் வேர். காலையில் ஸ்டார்ட் செய்ததும் சில நிமிடங்கள் தட்டும் சத்தம், ஒயில் மூடியைத் திறந்தால் வழக்கத்துக்கு மேல் புகை, மூடியின் உட்புறத்தில் கெட்டியான கரித் தார் இருந்தால், ஒயில் சட்டியைக் கழற்றி அந்த வலையைப் பார்க்கச் சொல்லுங்கள். இன்ஜெக்டரை ஒருமுறை கழற்றினால் வாஷரைப் புதிதாகப் போட வேண்டும். பழையதைத் துடைத்து மறுபடி வைப்பது தவறு.

ஓட்டி வந்தவுடன் எஞ்சினை நிறுத்தலாமா என்பது பலரின் கேள்வி. நிறுத்தினால் ஒயில் ஓட்டம் நின்றுவிடும். ஆனால் புகை சுழற்றும் சக்கரத்தின் பக்கச் சூடு அப்போதும் தண்டுக்குள் ஏறும். உள்ளே நிற்கும் ஒயில் கருகிக் கரியாகும். சூடு இருக்கும்போதுதான் இந்தக் கவலை. தெற்கு அதிவேகப் பாதையில் 100 இல் ஓடி வெலிப்பென்னை ஓய்விடத்தில் நிறுத்துகிறீர்கள், அல்லது ஏற்றம் ஏறிய கையோடு தேநீர்க் கடையில் நிறுத்துகிறீர்கள் என்றால் ஒன்று முதல் இரண்டு நிமிடம் சும்மா ஓட விடுங்கள். நகருக்குள் ஊர்ந்து வீடு வந்தால் டர்போ வழியிலேயே ஆறிவிட்டது, காத்திருக்க வேண்டாம். காலையில் ஸ்டார்ட் செய்ததும் அரை நிமிடத்துக்காவது அக்சிலரேற்றரை அமுக்காமல் இருப்பது இதைவிட முக்கியம். ஒயில் மேலே ஏறி வர அந்த நேரம் வேண்டும்.

டர்போ உண்மையில் தேய்ந்துவிட்டதா என்று பார்ப்பது கடினமல்ல. எஞ்சின் ஆறியபின் காற்று ஃபில்டரிலிருந்து வரும் ஹோஸைக் கழற்றி, சக்கரத்தின் நடு நட்டை விரலால் பிடித்து அசையுங்கள். பக்கவாட்டில் சிறிய அசைவு இருப்பது வழக்கம்; ஒயில் படலத்துக்கான இடம் அது. சக்கரம் சுவரில் உரசும் அளவுக்கு அசைந்தால் தேய்ந்துவிட்டது. முன்னும் பின்னும் இழுக்கும்போது கைக்குத் தெரியும் அசைவே இருக்கக் கூடாது. சக்கரத்தின் விளிம்புகள் வளைந்தோ கறள்போல் அரித்தோ இருந்தால், காற்று ஃபில்டரைத் தாண்டி எதோ உள்ளே போயிருக்கிறது. ஹோஸின் உள்ளே மெல்லிய ஒயில் பூச்சு இருந்தால் பயப்பட வேண்டாம். எஞ்சினின் மூச்சுக்குழாய் வழியாக அது வரும். ஒயில் தேங்கி நின்றால்தான் கவலை.

தேய்ந்த டர்போவில் பெரிய ஆபத்து ஒன்று உண்டு. ஒயில் சீல் உடைந்து, எஞ்சினுக்குக் காற்றுப் போகும் உட்குழாய்க்குள் ஒயில் ஏராளமாகப் போனால், எஞ்சின் அந்த ஒயிலையே எரிபொருளாக எரிக்கத் தொடங்கும். சாவியை அணைத்தாலும் நிற்காது. சுற்று ஏறிக்கொண்டே போகும். வெண்நீலப் புகை வீதியை மறைக்கும். மனுவல் கியர் என்றால் பிரேக்கை முழுதாக அமுக்கி, உச்ச கியரில் போட்டு, கிளச்சை விட்டு எஞ்சினைத் திணறடித்து நிறுத்த வேண்டும். ஓட்டோ கியரில் காற்று உட்புகும் வாயைத் தட்டையான பலகையால் அடைப்பதுதான் வழி. கையாலோ துணியாலோ அடைக்கக் கூடாது. சுற்று ஏற்கனவே எல்லை மீறி அலறினால் பொனெற்றுக்குக் கிட்டவே போகாமல், ஆட்களை அப்பால் அனுப்புங்கள்.

காற்றுப் பாதையின் குறைகள்

3 லீற்றர் எஞ்சின் 3000 சுற்றில், டர்போ இல்லாமலே, நிமிடத்துக்கு ஏறத்தாழ 4500 லீற்றர் காற்றை இழுக்கும். டர்போவோடு அதைவிடக் கணிசமாகக் கூடும். காற்று ஃபில்டரின் மடிப்பில் ஒரு சிறு கிழிசல் எவ்வளவு தூசியை உள்ளே விடும் என்று எண்ணிப் பாருங்கள். சேர்விஸ் நிலையங்களில் ஃபில்டரை உயரழுத்தக் காற்றால் அடித்துச் சுத்தம் செய்து திரும்பப் போடுவார்கள். அந்த அடியில் தாள் கிழியலாம்; வெளிப்பக்கமிருந்து அடித்தால் தூசி உள்ளே பதியும். மாற்றுவதே மலிவு. பஞ்சிகாவத்தை உதிரிப்பாகக் கடைகளில் வாங்கும்போது ரப்பர் விளிம்பு பெட்டியில் சுற்றிவரப் பொருந்துகிறதா என்று பழையதோடு வைத்துப் பார்த்து வாங்குங்கள்.

டர்போவுக்கும் எஞ்சினுக்கும் நடுவேயுள்ள ஹோஸ் வெடிப்பது மிகச் சாதாரணம். இழுவை குறையும், அமுக்கும்போது "ஸ்ஸ்" என்று காற்றுச் சத்தம் வரும், கரும்புகை வரும். ஸ்கானரில் பி0299, அதாவது டர்போ அழுத்தம் போதவில்லை என்ற குறியீடு. இந்தக் குறியீட்டைப் பார்த்ததும் டர்போவுக்கு விலை கேட்கப் போகாதீர்கள். முதலில் ஹோஸ்களைக் கையால் தடவுங்கள். கசியும் இடத்தில் ஒயில் ஈரமும் தூசியும் ஒட்டியிருக்கும். கிளிப்புகளை இறுக்குங்கள். இன்டர்கூலரின் மூலையில் வெடிப்பு உண்டா என்று சவர்க்கார நீர் தெளித்துக் குறைந்த அழுத்தக் காற்றைக் கொடுத்துப் பாருங்கள். பல கேஸ்கள் இங்கேயே தீரும்.

புதிய வகை டர்போக்களில் புகை வரும் பக்கத்தில் நகரும் சிறகுகள் உண்டு. குறைந்த சுற்றில் இவை நெருங்கிப் புகையை வேகப்படுத்தும். அதனால்தான் 1600 சுற்றிலேயே முழு டோர்க். கரி படிந்து இவை சிக்கிக்கொள்வது நகர ஓட்டத்தின் நோய். நெருங்கிய நிலையில் சிக்கினால் அழுத்தம் எல்லை மீறும், குறியீடு பி0234. கொம்பியூட்டர் எஞ்சினைக் காப்பாற்ற இழுவையைக் குறைத்துவிடும்; அணைத்து மறுபடி ஸ்டார்ட் செய்தால் சரியாகி, அடுத்த ஏற்றத்தில் திரும்ப வரும். இப்படி வந்து வந்து போனால் சிறகுகளையும் அவற்றை நகர்த்தும் ஆக்சுவேற்றரையும் பாருங்கள். டர்போவைக் கழற்றிச் சிறகுகளைச் சுத்தம் செய்தால் பெரும்பாலும் போதும். எப்போதாவது கட்டுநாயக்க அதிவேகப் பாதையில் அரை மணி நேரம் நன்றாகச் சூடேற ஓடுவது இந்தக் கரியைக் கட்டுப்படுத்தும்.

ஈஜிஆர் வால்வு எரிந்த புகையில் ஒரு பங்கைத் திரும்பவும் உள்ளே விடுகிறது. எரிதலின் சூட்டைக் குறைத்து நைதரசன் ஒட்சைட்டைக் கட்டுப்படுத்தவே அது. அந்தக் கரியும் மூச்சுக்குழாயின் ஒயில் ஆவியும் சேர்ந்து உட்குழாயில் விரலளவு தடிப்பில் படியும். 50,000 கிலோமீற்றருக்கு ஒருமுறை கழற்றிச் சுத்தம் செய்வது நல்லது. தகடு வைத்து அடைத்துவிடச் சொல்பவர்கள் உண்டு. காற்று மாசு கூடும், சில கார்களில் எஞ்சின் விளக்கு நிரந்தரமாக எரியும். சுத்தம் செய்வதே முறை.

டீசல் பக்கம்

இன்ஜெக்டர் துளைகள் தலைமயிரின் தடிப்புக்குக் கிட்டத்தட்டச் சமம். நீரும் தூசியும்தான் அவற்றின் எதிரிகள். கொழும்பின் ஈரக்காற்றில் பாதி வெறுமையாக நிற்கும் தாங்கியின் சுவரில் நீர் வியர்க்கும். தாங்கியைப் பாதிக்கு மேல் வைத்திருங்கள். நிரப்பு நிலையத்தில் பவுசர் டீசல் இறக்கிக்கொண்டிருந்தால், கீழே படிந்தது கலங்கியிருக்கும். வேறு இடம் பாருங்கள்.

டீசல் ஃபில்டரின் அடியில் நீரை வெளியேற்றும் திருகு உண்டு. மாதம் ஒருமுறை ஒரு கண்ணாடிப் போத்தலைப் பிடித்து, அதைத் தளர்த்தி, மேலேயுள்ள கைப்பம்பைப் பத்துத் தடவை அமுக்குங்கள். போத்தலின் அடியில் நீர் தனியாக நிற்பது தெரியும். தெளிந்த டீசல் வந்ததும் கையால் மட்டும் இறுக்குங்கள். ஃபில்டரை 20,000 கிலோமீற்றருக்குள் மாற்றிவிடுங்கள். போலிகள் நிறைய உலாவும் பொருள் இது, நம்பிக்கையான இடத்தில் வாங்குங்கள்.

ஒட்டோ டீசலா, சுப்பர் டீசலா? சுப்பர் டீசலில் கந்தகம் மிகக் குறைவு. டிபிஎஃப் உள்ள கார் என்றால் சுப்பர் டீசல் மட்டும்தான். இதில் பேரம் இல்லை. டிபிஎஃப் இல்லாத பழைய எஞ்சின் ஒட்டோ டீசலில் ஓடும். அப்போது ஒயிலை இன்னும் கவனமாக மாற்றுங்கள், கந்தகம் ஒயிலில் அமிலமாகச் சேரும். தவறிப் பெற்றோல் ஊற்றிவிட்டால் சாவியைத் திருப்பவே வேண்டாம். உயரழுத்த பம்புக்கு டீசலின் வழுவழுப்புத்தான் மசகு. ஓட்டாமல் தாங்கியைக் காலி செய்தால் செலவு அத்தோடு முடியும். ஓட்டினால் பம்பும் நான்கு இன்ஜெக்டரும் போகும்.

சும்மா ஓடும்போது சுற்று ஏறி இறங்குவதும், நிறுத்தத்துக்கு வரும்போது எஞ்சின் அணைவதும் டென்சோ நிறுவனத்தின் டீசல் பம்ப் உள்ள எஞ்சின்களில் அடிக்கடி கேட்பது. பம்பில் இருக்கும் எஸ்சிவி என்ற சிறிய வால்வு ஒட்டிக்கொள்வதே வழக்கமான காரணம். பம்பை மாற்றாமல் அதை மட்டும் மாற்றலாம். ஆனால் அதற்கு முன் டீசல் ஃபில்டரைப் பாருங்கள். நீண்ட நேரம் ஸ்டார்ட்டர் சுற்றிய பின்பே எஞ்சின் பிடித்தால், திரும்பும் டீசலை அளக்கும் சோதனை செய்யுங்கள்: நான்கு இன்ஜெக்டரின் மீள்குழாயிலும் நான்கு சிறு போத்தல் வைத்து சில நிமிடம் ஓட விட்டால், தேய்ந்ததன் போத்தல் மற்றவற்றைவிட வேகமாக நிரம்பும். டொயோட்டாவில் ஸ்கானர் காட்டும் இன்ஜெக்டர் திருத்த எண் கூட்டலோ கழித்தலோ 3 க்குள் இருக்க வேண்டும். புதிய இன்ஜெக்டரின் தலையில் உள்ள குறியீட்டைக் கொம்பியூட்டரில் பதிந்தார்களா என்றும் கேளுங்கள். பதியாவிட்டால் புதியதும் தட்டும்.

குளிரில் ஸ்டார்ட் செய்ய சிலிண்டரைச் சூடேற்றும் குளோ பிளக் பழுதானால் கொழும்பில் தெரியவே தெரியாது. இங்கே காலையிலும் காற்று சூடு. நுவரெலியாவில் ஓர் இரவு நிறுத்திவிட்டு விடியலில் ஸ்டார்ட் செய்யும்போதுதான் தெரியும். மலைநாட்டுப் பயணத்துக்கு முன் மல்டிமீற்றரால் ஒவ்வொன்றின் தடையையும் அளந்து பார்ப்பது இரண்டு நிமிட வேலை. நல்ல பிளக் ஓரிரு ஓம் அளவில்தான் காட்டும். முடிவிலி காட்டினால் அறுந்துவிட்டது.

டிபிஎஃப்

சைலன்சர் பாதையில் கரியைப் பிடித்து வைக்கும் பீங்கான் ஃபில்டர் இது. நிரம்பியதும் கொம்பியூட்டர் கூடுதல் டீசலைப் பீச்சி, அதை 600 பாகை அளவுக்குச் சூடேற்றி, கரியை எரிக்கும். அதற்குப் பத்து முதல் இருபது நிமிடம் தொடர்ந்து ஓட வேண்டும். பாடசாலைக்கும் கடைக்கும் மட்டும் ஓடும் காரில் இது ஒவ்வொரு முறையும் பாதியில் அறுந்துவிடும். எரியாத டீசல் சிலிண்டர் சுவர் வழியே ஒயிலில் இறங்கும். குச்சியில் ஒயில் அளவு ஏறியிருந்தால் மகிழ வேண்டாம்; நீர்த்த ஒயிலில் டர்போ ஓடிக்கொண்டிருக்கிறது. உடனே மாற்றுங்கள். டிபிஎஃப் விளக்கு எரிந்தால் அதிவேகப் பாதையில் 2000 சுற்றுக்கு மேல் வைத்து இருபது நிமிடம் ஓட்டுங்கள். தினமும் ஐந்து கிலோமீற்றர்தான் ஓட்டம் என்றால் டிபிஎஃப் உள்ள டீசல் கார் உங்களுக்கு உரியது அல்ல. வாங்கும் முன்பே இதை யோசிப்பது நல்லது.

புகையின் நிறம்

கறுப்பு என்றால் டீசலுக்கு ஏற்ற காற்று இல்லை: ஹோஸ் கசிவு, அடைந்த ஃபில்டர், திறந்தபடி நிற்கும் ஈஜிஆர், ஒழுகும் இன்ஜெக்டர். நீலம் என்றால் ஒயில் எரிகிறது. வெள்ளை நிறத்தில் டீசல் வாசம் அடித்தால் எரியாத டீசல். இனிப்பு வாசம் அடித்து ரேடியேற்றர் நீரும் குறைந்தால் ஹெட் காஸ்கெற் (எஞ்சின் தலைக்கும் சிலிண்டர் பகுதிக்கும் நடுவேயுள்ள அடைப்புத் தகடு) போயிருக்கலாம்.

வருடாந்தப் புகைப் பரிசோதனையில் எஞ்சினைச் சில தடவை உச்சச் சுற்றுக்கு அமுக்குவார்கள். ஒயிலும் டைமிங் பெல்ற்றும் நல்ல நிலையில் இருக்க வேண்டும். 1கேடியில் டைமிங் பெல்ற். சந்தைக்கேற்ப 100,000 அல்லது 150,000 கிலோமீற்றரில் மாற்ற வேண்டும், டாஷ்போர்டில் அதற்கென விளக்கும் உண்டு. அது அறுந்தால் வால்வும் பிஸ்டனும் மோதும். பரிசோதனைக்கு முன் அரை மணி நேரம் நன்றாக ஓட்டி, சூடான எஞ்சினோடு போங்கள்.

வெள்ளத்தில்

இப்போது அந்த 44 கன சென்ரிமீற்றர். நீரை அமுக்க முடியாது. ஒரு சிலிண்டருக்குள் மூன்று மேசைக்கரண்டி நீர் போனாலே பிஸ்டன் மேலே வர இடமில்லை; பிஸ்டனைத் தாங்கும் கொனெக்டிங் ரொட் வளைந்துவிடும். மழைநாளில் தேங்கிய நீரில் எஞ்சின் அணைந்தால் மறுபடி ஸ்டார்ட் செய்யாதீர்கள். தள்ளி வெளியே எடுத்து, காற்று ஃபில்டர் நனைந்திருக்கிறதா பாருங்கள். நனைந்திருந்தால் இன்ஜெக்டர்களையோ குளோ பிளக்குகளையோ கழற்றி, நீர் வெளியேறும் வரை கையால் எஞ்சினைச் சுற்ற வேண்டும்.

டர்போவை மாற்றியே ஆக வேண்டும் என்றால்

வேர் கண்டுபிடிக்கப்பட்ட பின் மட்டும். பழைய டர்போவுக்கு ஒயில் கொண்டுவரும் குழாயைத் துடைத்துத் திரும்பப் போட விடாதீர்கள். உள்ளே கருகிய கரி தெரியாமல் ஒட்டியிருக்கும், புதிதாக மாற்றுங்கள். ஒயில் திரும்பும் குழாய் மடியாமல் நேராகக் கீழிறங்க வேண்டும். அது அடைந்தால் நல்ல டர்போவும் ஒயில் கக்கும். பழைய டர்போ உடைந்து போயிருந்தால் இன்டர்கூலரைக் கழற்றி, உள்ளிருக்கும் ஒயிலையும் உலோகத் துண்டுகளையும் முழுதாக வெளியேற்றுங்கள். ஒயில் வாய்களில் சிலிக்கோன் பசை தடவக் கூடாது, காஸ்கெற் மட்டும். பிதுங்கிய பசை பேரிங்கை அடைக்கும். ஒயிலையும் ஃபில்டரையும் மாற்றி, டர்போவின் ஒயில் வாயில் புதிய ஒயிலை ஊற்றி, சக்கரத்தைக் கையால் சில தடவை சுற்றுங்கள். பிறகு இன்ஜெக்டர்களின் மின் இணைப்புகளைக் கழற்றி வைத்து, எஞ்சின் பற்றாதபடி பத்துப் பதினைந்து நொடி ஸ்டார்ட்டரைச் சுற்றுங்கள். அதன்பின் ஸ்டார்ட் செய்து மூன்று நிமிடம் அக்சிலரேற்றரைத் தொடாமல் விட்டு, இணைப்புகளில் ஒயில் ஒழுகுகிறதா என்று விளக்கடித்துப் பாருங்கள்.

முழு டர்போவுக்குப் பதில் நடுப்பகுதியான கார்ட்ரிட்ஜை மட்டும் மாற்றித் தருவார்கள். வேலை நன்றாக நடந்தால் அதில் குறையில்லை. ஆனால் பாலன்ஸ் இயந்திரத்தில் ஏற்றிய அறிக்கையும், சிறகுகள் வழியாகப் போகும் புகையின் குறைந்தபட்ச ஓட்டம் சரிசெய்யப்பட்டதற்கான குறிப்பும் கேட்டு வாங்குங்கள். அவை இரண்டும் தர முடியாத இடத்தில் பழுதுபார்த்த டர்போவை வாங்க வேண்டாம்.